கொள்ளேகாலை எந்த மாவட்டத்தில் எழுதுவது? தரவுத்தள வழங்கியும் மொழியாய்வாளரும்

கொள்ளேகால் 1956 அக்டோபர் 31 வரை கோயம்புத்தூர் மாவட்டத்து வட்டங்களுள் ஒன்று. மறுநாள், மாநிலச் சீரமைப்பின்படி, அது மைசூர் மாநிலத்துக்குச் சென்று மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கிற்று. பின்னர் அவ்வட்டத்திலிருந்தே ஹனூர் தனி வட்டமாகப் பிரிந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எழுதிவைத்த பதிவேடுகள் மட்டும் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1898இல் வெளிவந்த எபிகிராபியா கர்நாடிகா நான்காம் தொகுதியில் பி. எல். ரைஸ் மைசூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். பக்கத்து எளந்தூரும் சாமராஜநகரும் அதில் உண்டு, கொள்ளேகால் இல்லை. அது அப்போது ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்போ சென்னை மாகாணத்தையே தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆக, கல்வெட்டுத் தொகுப்பில் மைசூருக்கு வெளியே, மொழிக் கணக்கெடுப்பில் கணக்குக்கே வெளியே என இருபுறமும் நழுவிய வட்டம் இது. பல்கலைக்கழகத்தின் கன்னட ஆய்வு நிறுவனம் 1970களில் கொண்டுவந்த திருத்திய பதிப்பில்தான் கொள்ளேகாலுக்கு இடம் கிடைத்தது.

தமிழும் கன்னடமும் உருதும் சோலிக மொழியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் இந்த வட்டத்தின் பேச்சு வழக்குகளையும் கல்வெட்டுகளையும் ஒரே தரவுத்தளத்தில் வைக்க முனைபவர் முதல் நாளே எதிர்கொள்ளும் கேள்வி, மாவட்டம் என்னும் நிரலில் என்ன எழுதுவது என்பது. 'சாமராஜநகர்' என எழுதினால் பழைய அறிக்கைகளில் 'கோயம்புத்தூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா' என்றிருக்கும் பதிவுகளோடு தொடர்பு அறுந்துபோகும். இதற்கான தீர்வு தொடர்புசார் தரவுத்தளத்தின் அடிப்படைக் கருத்திலேயே உள்ளது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து நமக்குக் கிடைத்த ஒழுங்கு அது: ஒரு செய்தியை ஓர் இடத்தில் மட்டும் எழுது, பிற இடங்களிலிருந்து அதைச் சுட்டு. ஊருக்கு ஓர் அட்டவணை, மாவட்டத்துக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைத்து 'எந்நாள் முதல் எந்நாள் வரை' எனக் காலவரம்பு குறிக்கும் மூன்றாவது அட்டவணை. ஓர் ஊர் ஒரே நாளில் இரு மாவட்டங்களில் இருக்கக் கூடாது என்னும் விதியையும் தரவுத்தளத்திடமே ஒப்படைத்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் அத்தகைய பதிவை ஏற்க மறுக்கும்.

இதுவரை சொன்னது வடிவமைப்பு. இதைக் கற்பிக்கும் பயிலரங்குகள் இப்போது ஓரளவு நடக்கின்றன. எனக்கு ஆதங்கம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அந்தத் தரவுத்தளம் ஓடும் வழங்கியை நிறுவுவது, அதற்குரிய உரிமைகளை வகுப்பது, காப்புப்படி எடுப்பது, பதிப்பு உயர்த்துவது, பத்தாண்டு கழித்தும் அது திறக்கும்படி பேணுவது ஆகியவற்றை நம் துறைகள் 'கணினிக்காரர் வேலை' என ஒதுக்கிவிட்டன. கொள்ளேகால் என்றதும் மாந்திரீகத்தை நினைவுகூர்வோர் இரு மாநிலங்களிலும் உண்டு. நம் ஆய்வுத்துறைகளில் வழங்கி நிர்வாகியின் நிலையும் ஏறத்தாழ மந்திரவாதியின் நிலைதான். வேண்டியபோது அழைத்து வருவோம். என்ன செய்கிறார் என்று கேட்க மாட்டோம். போனபின் திரும்பிப் பார்க்க மாட்டோம். மொழித்தரவைக் கையாளும் ஆய்வாளர் ஒரு தொடர்புசார் தரவுத்தள வழங்கியைத் தாமே நிர்வகிக்கக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து. பணம் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிர்வாகியின் முடிவுகள் எனத் தோன்றுபவற்றுள் பல, உண்மையில் மொழியியல் முடிவுகள்.

வரிசையை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கும்போதே எந்த எழுத்துவரிசையில் அது சொற்களை அடுக்க வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. வெறும் குறியெண் வரிசையை ஏற்றுக்கொண்டால் யுனிகோடு அட்டவணையின் வரிசையே அகராதி வரிசையாகிவிடும். அந்த அட்டவணையில் ந-வை அடுத்து ன வருகிறது. ர-வை அடுத்து ற. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ. ஆகவே 'கனி' முன்னும் 'கபம்' பின்னும் நிற்கும். புள்ளியின் குறியெண்ணோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. எனவே 'வடம்' முன்னும் 'வட்டம்' பின்னும் வரும். தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு இது உடனே உறுத்தும். மெய் முன், உயிர்மெய் பின். றகர னகரங்கள் இறுதியில் என்னும் மரபு வரிசையைப் பெற, ஐ.சி.யூ. நூலகத்தின் தமிழ் ஒழுங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், அதற்கு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கணினி மையத்து ஊழியருக்கு எப்படித் தெரியும்? அவர் தெரிந்துகொள்ள வேண்டிய தேவைதான் என்ன?

வரிசைச் சிக்கல் அத்துடன் முடிவதில்லை. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜி-லிப்-சி தன் 2.28 பதிப்பில் பல மொழிகளின் எழுத்துவரிசை விதிகளை மாற்றியது. தரவுத்தளத்தின் அகவரிசைகள் பழைய விதிப்படி அடுக்கப்பட்டவை. இயங்குதளம் உயர்த்தப்பட்டதும் தேடல் புதிய விதிப்படி நடக்கும். விளைவு, இருக்கும் சொல்லையே 'இல்லை' என்னும் தரவுத்தளம். பிழைச்செய்தி எதுவும் வராது. சொல்லடைவு ஒன்றை நம்பி 'இவ்வழக்கில் இச்சொல் பயிலவில்லை' என எழுதும் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா? உயர்த்தியபின் அகவரிசைகளை மீண்டும் கட்ட வேண்டும் என்பது ஒற்றை வரிக் கட்டளை. ஆனால் அது தேவை என்று அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும்.

இனி, எழுத்து. 'கொள்ளேகால்' என்னும் பெயரின் முதலெழுத்தையே பார்க்கலாம். ககரத்துடன் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேர்க்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யுனிகோடு விதிப்படியும் அவை ஒன்றுக்கொன்று நிகரானவை. தரவுத்தளமோ இயல்பாக பைட்டுகளையே ஒப்பிடுகிறது. அதற்கு அவை இருவேறு ஊர்கள். ஒரு பெயர் ஒருமுறைதான் வரலாம் என்று கட்டுப்பாடு விதித்திருந்தாலும் இரண்டு கொள்ளேகால்கள் உள்ளே நுழைந்துவிடும். ஒன்றின்கீழ் 40 சொற்கள், மற்றதன்கீழ் 25 சொற்கள் என்று தரவு பிளந்து கிடக்கும். உள்ளிடும்போதே இயல்பாக்கம் செய்து சீராக்கும் கருவியை போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பு, 2020இல், கொண்டுவந்தது. அதை ஒரு கட்டுப்பாடாகவே அட்டவணையில் எழுதிவிடலாம்.

எல்லாவற்றையும் இயல்பாக்கம் தீர்த்துவிடாது என்பதற்குக் கல்வெட்டாய்வாளர் அறிந்த சான்று ஒன்று உண்டு. சோழர் கல்வெட்டுகளுள் மிகப் பல 'ஸ்வஸ்திஸ்ரீ' என்றே தொடங்குகின்றன. அந்த 'ஸ்ரீ'யை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. இவை யுனிகோடு விதிப்படி நிகரானவை அல்ல. எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. எதை ஏற்பது, மற்றதை எங்கே மாற்றுவது என்பது பதிப்பாசிரியரின் முடிவு. உ.வே.சா. பாடபேதம் குறித்ததுபோல் நாமும் இங்கே ஒரு பாடத்தைத் தேர்கிறோம். அடிக்குறிப்பில் இருக்க வேண்டியது அட்டவணை விதியில் இருக்கிறது, அவ்வளவே.

பின்னங்களின் கதை இதனினும் மோசம். நிலதானக் கல்வெட்டுகளின் உயிர்நாடி முந்திரி, காணி, மா போன்ற கீழ்வாய் அளவுகளில் இருக்கிறது. அவற்றுக்கான குறிகள் 2019இல் யுனிகோடின் 12ஆம் பதிப்பில், தமிழ்ப் பின்னிணைப்பு என்னும் தனிப் பகுதியில், 51 குறியெண்களாக இடம்பெற்றன. கிரந்த எழுத்துகள் அதற்கு முன்பே, 2014இல் இடம்பெற்றன. இவை அனைத்துக்கும் ஓர் எழுத்துக்கு நான்கு பைட்டுகள் வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'யு.டி.எஃப்-8' என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கியது எழுத்துக்கு மூன்று பைட்டுகள் மட்டுமே கொள்ளும் குறைவடிவம். வழக்கமான தமிழுக்கு மூன்று போதும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. கண்டிப்பு முறைமை அணைந்திருக்கும் பழைய வழங்கி ஒன்றில் முந்திரிக்குறியோடு ஒரு கல்வெட்டு வரியை உள்ளிட்டால், அக்குறியிலிருந்து வரியின் எஞ்சிய பகுதி முழுவதும் வெட்டுண்டு போகும். மெல்லியதோர் எச்சரிக்கை மட்டும் எங்கோ பதிவாகும். கல் சிதைந்ததால் வாசகம் முடிவுறவில்லை என்றே பின்னால் வருபவர் எண்ணுவார். 'எம்.பி.4' என்னும் முழுவடிவத்தைத் தேர்ந்திருந்தால் இச்சிக்கல் எழுந்திருக்காது.

'இவ்வளவு எதற்கு, எக்செல் போதாதா?' என்ற கேள்வி கருத்தரங்குகளில் தவறாமல் எழும். ஐந்நூறு சொற்கள் கொண்ட பட்டியலுக்கு எக்செல் போதும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கல்வெட்டு ஆண்டறிக்கை எண்களை நாம் எழுதும் முறையில் 5/1912 என்று எக்செலில் தட்டிப் பாருங்கள். அது 1912 மே மாதமாகிவிடும். 245/1912 என்பது அப்படியே நிற்கும், ஏனெனில் 245ஆம் மாதம் கிடையாது. 5/1898 என்பதும் நிற்கும், ஏனெனில் எக்செலின் நாட்காட்டி 1900இல்தான் தொடங்குகிறது. ஒரே நிரலில் பாதி எண்ணும் பாதி நாளுமாகக் கிடக்கும் இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதிகளாக்கிவிடுகிறது என்பதற்காக 2020இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. தொடர்புசார் தரவுத்தளத்தில் ஒரு நிரல் எழுத்துவகை என்று அறிவித்தால் அது எழுத்துவகையாகவே இருக்கும்.

அடுத்தது உரிமை. இதை நான் மிகுந்த பொறுப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளிகிரிரங்கன் மலையின் சோலிகர் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள் சமூக வன உரிமை பெற்றனர். காப்பகம் ஒன்றினுள் அத்தகைய உரிமை பெற்றவர்களில் அவர்களே முன்னோடிகள். அவர்கள் மொழியின் சொற்பட்டியல் ஒன்றில் தாவரப் பெயரோடு அது கிடைக்கும் இடமும், தேனடையின் வகையோடு பாறையின் பெயரும், வழிபாட்டிடத்தின் பெயரோடு அதற்குப் போகும் வழியும் சேர்ந்தே வரும். சொல்பவர் நம்பிக்கையோடு சொல்கிறார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். 'தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்' என்று அதில் அச்சிட்டிருக்கிறோம். அந்த வாக்கியத்தின் பொருள் என்ன? நடைமுறையில் அதன் பொருள், எந்தப் பயனருக்கு எந்த அட்டவணையைப் படிக்க உரிமை, எவருக்கு எழுத உரிமை, பேச்சாளரின் பெயர் எந்தப் பகுதியில் தனித்துப் பூட்டப்பட்டிருக்கிறது, வழங்கியின் 5432ஆம் வாயில் உலகுக்கே திறந்திருக்கிறதா என்பவைதான். நிரைவாரியாகக் கூட உரிமை வகுக்கும் வசதி போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பு முதல் இருக்கிறது. துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லோடு, தலைமைப் பயனர் பெயரிலேயே மாணவர்கள் எல்லாரும் நுழையும் வழங்கியை வைத்துக்கொண்டு ஆய்வறம் பேசுவது எனக்கு ஒவ்வாதது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

இனி காப்புப்படி. நம் மரபுக்கு இது புதிதே அன்று. ஓலைக்கு ஆயுள் உண்டு. படியெடுக்காத ஏடு செல்லரித்துப் போகும் என்பதை அறிந்திருந்ததால்தான் சங்கப்பாடல் நம் கைக்கு வந்து சேர்ந்தது. கல்வெட்டின் மைப்படியும் ஒரு காப்புப்படியே. மைப்படி எடுத்தபின் கல் உடைந்துபோன கோயில்களுக்குக் குறைவில்லை. அங்கெல்லாம் காகிதமே மூலம். கல்வெட்டுத் துறையின் தலைமையகம் உதகையிலிருந்து 1966இல் மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அப்போது இணையத்தில் நிகழ்ந்த விவாதங்கள் அனைத்தும் 'மைசூரா, சென்னையா' என்பதைச் சுற்றியே சுழன்றன. உணர்வு புரிகிறது. ஆனால் தரவுத்தளம் பேணுபவர் கேட்கும் முதல் கேள்வி வேறு: எத்தனை படிகள் இருக்கின்றன? மூன்று படிகள், இரு வகை ஊடகம், ஒன்றாவது வேறோர் ஊரில் என்பது அத்தொழிலின் பழைய கணக்கு. அந்தக் கணக்குப்படி மைசூரும் வேண்டும், சென்னையும் வேண்டும், மூன்றாவதாக ஓர் ஊரும் வேண்டும்.

காப்புப்படி எடுப்பதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் எடுக்கிறார்கள். அதிலிருந்து மீட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுது ஒன்றைச் சீர்செய்யும் முயற்சியில், முதன்மை வழங்கியின் 300 ஜிகாபைட் அளவிலான போஸ்ட்கிரெஸ் தரவுக் கோப்பகத்தை நீக்கிவிட்டார். காப்புக்கென ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். அன்றாடப் படியெடுப்பு நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது, வழங்கி 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவி 9.2 பதிப்பு. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த நிலைப்படி ஒன்றுதான் காப்பாற்றியது. அந்நிறுவனம் எதையும் மறைக்காமல் முழு விவரத்தையும் வெளியிட்டது. போஸ்ட்கிரெஸ் கற்போர் எந்தப் பாடநூலுக்கும் முன் அதைப் படிக்க வேண்டும் என்பேன். 2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புப்படி எடுக்கும் நிரலே பிழைபட்டு, ஆய்வாளர்களின் 77 டெராபைட் கோப்புகளை அழித்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த 858 டெராபைட் கிடங்கு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று சொல்லி அதற்கு வெளிப்படியே வைக்கப்பட்டிருக்கவில்லை. நம் தரவு பெரிதன்று. ஒரு வட்டாரத்தின் சொற்களஞ்சியம் முழுவதையும் அமுக்கி வைத்தால் சில மெகாபைட்டுகள்தான்; ஒலிப்பதிவுகள்தாம் இடம் கேட்கும். படியெடுக்க இடமில்லை என்று சொல்ல நமக்கு வழியே இல்லை.

மேகச் சேவைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, நல்லவையே. ஆனால் நம் ஆய்வுத்திட்டங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு நல்கையில் ஓடுபவை. நல்கை முடிந்த மறுமாதம் கட்டணம் செலுத்துபவர் யார்? மேகத்தை வாடகைக்கு எடுத்தவரும் தம் தரவை முழுதாக இறக்கி, சாதாரணக் கணினி ஒன்றில் ஏற்றி, ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால்தான் அந்தச் சேவை அவருக்குப் பயன்படும். தெரியாதவருக்கு அது நிலுவை வைத்தால் பூட்டிவிடும் வாடகை வீடு.

இதற்கெல்லாம் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கழித்துக்கட்டிய மேசைக்கணினி ஒன்று, நான்கு ஜிகாபைட் நினைவகம், டெபியன், போஸ்ட்கிரெஸ். மின்வெட்டு நம் ஊர்களின் நிரந்தர விருந்தாளி. அதற்கும் போஸ்ட்கிரெஸ் ஆயத்தமாகவே இருக்கிறது. எந்த மாற்றத்தையும் அட்டவணையில் செய்யும் முன் ஒரு முன்பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது; மின்சாரம் திரும்பியதும் அப்பதிவேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது; பாதியில் நின்ற உள்ளீடு முழுதாகக் கைவிடப்படும், அரைகுறையாக நிற்காது. அதே பதிவேட்டைச் சேர்த்துவைத்தால் நேற்று மாலை நான்கு மணி நிலைக்குக்கூடத் தரவுத்தளத்தைத் திருப்பலாம். மலிவான சில வட்டுகள் எழுதாததை எழுதிவிட்டதாகச் சொல்லும் என்பதால் யு.பி.எஸ். ஒன்று இருப்பது நல்லது. கையேடுகள் அச்சுறுத்தும் பரிமாற்ற எண் தீர்ந்துபோகும் ஆபத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை; இருநூறு கோடிப் பரிமாற்றங்களுக்கு நம் ஆயுளில் வாய்ப்பில்லை, தானியங்கித் துப்புரவை யாரும் அணைத்துவைக்காதவரை.

'முனைவர் பட்டக் காலத்தில் இதற்கு ஏது நேரம்?' என்பது நேர்மையான கேள்வி. ஒலிப்பியல் ஆய்வுக்கு பிராட் மென்பொருளைக் கற்க நாம் நேரம் ஒதுக்குகிறோம். அது துறைக்கு உரியது என ஏற்றுக்கொண்டதால் யாரும் முணுமுணுப்பதில்லை. மேலே சொன்ன அளவுக்கு வழங்கி நிர்வாகம் கற்க ஒரு பருவத்தின் மாலைப்பொழுதுகள் போதும் என்பது என் மதிப்பீடு. சிக்கல் நேரத்தில் இல்லை, மதிப்பில் இருக்கிறது. தரவைக் கொண்டு எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. அத்தரவை ஏழாண்டு உயிரோடு வைத்திருந்தவருக்கு எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை.

ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்னும் 30 மணி நேரப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முனைவர் பட்டப் பதிவாளர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. மொழியியல், கல்வெட்டியல், நாட்டாரியல் துறைகளிலாவது அதே 30 மணி நேரத்தைத் தரவுப் பேணலுக்கும் ஒதுக்கலாம். தேர்வு எழுத்துத்தேர்வாக இருக்க வேண்டாம். வெற்றுக் கணினி ஒன்றையும் காப்புக் கோப்பு ஒன்றையும் மாணவர் கையில் கொடுத்து, தரவுத்தளத்தை எழுப்பி, கொள்ளேகால் 1931இல் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று அதனிடமே கேட்டுச் சொல்லும்படி பணிக்கலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மதிய உணவுக்குள் முடித்துவிடக்கூடிய தேர்வுதான். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்களும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'தரவு ஆய்வாளரிடம் உள்ளது' என்ற வரியைக் கண்டால், எங்கே, எத்தனை படிகள், கடைசியாக மீட்டுப் பார்த்தது எந்நாள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கத் தொடங்கலாம். அதற்கு எந்தக் குழுவின் ஆணையும் வேண்டியதில்லை.